எட்டாவது இன்னிங்ஸ் மாப்பிள்ளை

எனக்குத் தொண்டை கட்டி இன்றோடு நான்கு நாள். மிசிசாகாவில் என் அலுவலகத்துக்குப் போன் எடுக்கிறவர்கள் எல்லாம் "என்ன, காய்ச்சலா?" என்று பரிவோடு கேட்கிறார்கள். காய்ச்சல் இல்லை ஐயா... மாப்பிள்ளை பார்க்கப் போய்க் கத்திய தொண்டை!

மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் யாராவது கத்துவார்களா? கத்துவார்கள். மாப்பிள்ளை பேஸ்போல் ஆடுகிறவராக இருந்தால் கத்தாமல் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். கனடா வந்த முதல் கோடையில் ஸ்காபரோவில் ஒரு டோனட் கடையில் எனக்கு வேலை. கவுண்டருக்கு மேலே ஒரு ரிவி. அதில் எந்நேரமும் பேஸ்போல். ஆங்கிலம் பாதி விளங்காது, ஆட்டம் பாதிகூட விளங்காது. ஆனால் அந்தக் கோடை முடிவதற்குள் நான் அதில் பைத்தியமாகிவிட்டேன்! இன்றைக்கும் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் குறித்து வைப்பேன். அந்த நேரத்தில் என் கணவர் தேத்தண்ணீர் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான் மூன்று கிழமைக்கு முன் என் சிநேகிதி ரதியும் அவள் கணவர் சிவா அண்ணையும் மோர்னிங்சைட்டிலிருந்து மில்லிக்கனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருடைய முகமும் சரியில்லை. கோப்பி வைத்தேன், குடிக்கவில்லை. விஷயம் பெரிது என்று விளங்கிவிட்டது.

அவர்களின் ஒரே மகள் அபி ஒரு பெடியனை விரும்புகிறாள். பெயர் டிலான். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். பிறந்து வளர்ந்தது இங்கே.

"வேதக்காரர் எண்டது எனக்குப் பிரச்சினை இல்லை" என்றார் சிவா அண்ணை, யாரும் கேட்காமலே. "உவன்ர வேலைதான் எனக்கு விளங்கேல்லை."

"என்ன வேலை?"

ரதி போனை நீட்டினாள். தொப்பியும் சீருடையுமாக ஒரு நெடுவல் பெடியன், கையில் வெள்ளைப் பந்து. "ரிலீஃப் பிட்சராம்" என்றாள். "மைனர் லீக்காம்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எங்கட பெடியன் ஒருவன்... சம்பளத்துக்குப் பந்து எறிகிறானா? எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. எதிரே இருந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ரிவியில் வருவது மேஜர் லீக். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீக். அங்கே ஆடுகிற எல்லோருக்கும் கண் மேலேதான். ஒருநாள் மேலிருந்து அழைப்பு வந்தால் போகலாம். வராவிட்டால் இன்னொரு வருடம்... பிறகு இன்னொரு வருடம்... பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. டிலானுக்கு வயது இருபத்தாறு. மேஜர் லீக்குக்கு இன்னும் இரண்டு படி இருக்கிறது. கலியாணத்துக்கு அது நல்ல வயது. இந்த விளையாட்டுக்கு அவ்வளவு நல்ல வயது இல்லை.

"ரிலீஃப் எண்டால் ரிசேவ் தானே?" என்றார் சிவா அண்ணை. அவர் அந்தக் காலத்தில் கிரிக்கெட் ஆடியவர். "ஆட்டம் துவங்கேக்க உவன் இறங்கிறேல்லையாம். கிரிக்கெட்டில உதைப் பன்னிரண்டாவது ஆள் எண்டுறது. தண்ணிப் போத்தல் கொண்டு ஓடுறவன்! என்ர பிள்ளையை அவனுக்கோ குடுக்கச் சொல்லுறீர்?"

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ. முதல் எறியிறவன் களைச்சு, அடி வாங்கி, ஆட்டம் கையை விட்டுப் போகேக்கதான் இவனைக் கூப்பிடுவினம். மற்றவன் குழப்பி வைச்சதை இவன் வந்து சரிப்படுத்த வேணும். சரிப்படுத்தினால் பேர் மற்றவனுக்கு. பிழைச்சால் பழி இவனுக்கு."

அவர் குடிக்காத கோப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உவன் மேல போவானோ, மாட்டானோ? உமக்குத்தானே உதெல்லாம் தெரியும். இந்த மாசக் கடைசித் திங்கள் அபி உவனை வீட்டை கூட்டிக்கொண்டு வாறாள். திங்கள்தான் உவனுக்கு லீவாம். அதுக்கு முதல் நான் ஒரு முடிவு எடுக்கவேணும். நீர் மாட்டான் எண்டால், நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவன்."

கேட்டீர்களா? ஒரு பெண்ணின் கலியாணம் என் பென்சிலில் தொங்குகிறது!

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் டிலானின் வீடியோக்கள்தான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். எறிகிறான், நன்றாகவும் எறிகிறான். ஆனால் வீடியோவில் எல்லோரும் கெட்டிக்காரர். "நேரில பாக்காமல் சொல்லமாட்டன்" என்று சிவா அண்ணைக்குச் சொன்னேன்.

அவருடைய முகம் முதல் முறையாக மலர்ந்தது. ஏனென்று உங்களுக்கும் தெரியும். சம்பந்தம் பேசுவதற்கு முன் பெண் வீட்டார் யாரையாவது அனுப்பி, மாப்பிள்ளையை அவருடைய வேலையிடத்தில் வைத்து, அவருக்குத் தெரியாமல் பார்த்துவருவது நம் ஆட்களின் உளவுத்துறை. சிவா அண்ணை தபால் கந்தோரில் இருந்தபோது ரதியின் மாமா வந்து இரண்டு முத்திரை வாங்கிக்கொண்டு போனாராம். சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்ததால்தான் பெண் கிடைத்தது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார்.

ஆக, போன ஞாயிறு காலை மூன்று பேரும் சிவா அண்ணையின் வான் வண்டியில் புறப்பட்டோம். எல்லைக்கு அப்பால் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன அமெரிக்க நகரம். டிலானின் அணிக்கு அங்கே பகல் ஆட்டம். அடுத்த நாள் திங்கள், அதாவது அவன் வீட்டுக்கு வருகிற நாள். அபிக்குச் சொன்னது? "அவுட்லெட் மோலுக்குப் போறம்." ரொறன்ரோவிலிருந்து எல்லை தாண்டுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான பொய் அது.

சிவா அண்ணை கோட் போட்டிருந்தார். வெயில் கொளுத்துகிறது, மனிதர் கறுப்புக் கோட்! "மாப்பிள்ளை பாக்கப் போறதெண்டால் ஒரு மரியாதை வேணும்" என்றார். ரதி ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தாள். இறைச்சி எல்லை தாண்டாது என்று நான் சொன்னதும், எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வானை நிறுத்தி மூன்று பேரும் முக்கி முக்கித் தின்று முடித்தோம்.

மைதானத்தில் நல்ல இடம் கிடைத்தது. பந்தை அடிக்கிறவருக்கு நேர் பின்னால். எங்களுக்கு முன் வரிசையில் இரண்டு பேர், மடியில் குறிப்புப் புத்தகம், கையில் பந்தின் வேகத்தை அளக்கிற கருவி.  ஆள் பார்த்துவர மேஜர் லீக் அணிகள் அனுப்பும் ஸ்கவுட்கள்!

"உவையள் ஆர்?" என்று ரகசியமாகக் கேட்டார் சிவா அண்ணை.

"உவையளும் மாப்பிள்ளை பாக்க வந்தவைதான் அண்ணை."

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்திலேயே சிவா அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "கையை மடக்கி எறியிறான்... அம்பயர் பேசாமல் நிக்கிறார்! நோ போல் எல்லோ?" எறிவதுதான் இந்த ஆட்டம் என்று விளங்கப்படுத்த எனக்கு ஒன்பது இன்னிங்ஸில் ஒன்று போனது.

டிலான் எங்கே? இடது பக்க மூலையில், வேலிக்கு உள்ளே, பெஞ்சில். ரிலீஃப் பிட்சர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். காலை நீட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதையை வாயில் போட்டுச் சப்பித் துப்பிக்கொண்டிருந்தான். ஒரு இன்னிங்ஸ் துப்பினான். இரண்டு இன்னிங்ஸ் துப்பினான். நான்காவது, ஐந்தாவது...

"ரெண்டு மணித்தியாலமாக் கொட்டை சப்பித் துப்பிக்கொண்டு இருக்கிறான்" என்றார் சிவா அண்ணை. "உதுக்கோ சம்பளம்?"

"நீங்கள் தபால் கந்தோரில செய்ததை விடக் கூடத்தான் செய்யிறான்" என்றாள் ரதி. அவள் காலையிலிருந்தே மகள் பக்கம்.

பிழை ஆறாவது இன்னிங்ஸ் முடிவில் நடந்தது. இடைவேளையில் கமரா கூட்டத்தைச் சுற்றிக் காட்டும். அங்கே ஆயிரம் பேர் பனியனும் அரைக்காற்சட்டையுமாக இருக்க, கமராக்காரருக்கு ஒரு மனிதர் கறுப்புக் கோட்டில் தெரிந்தால் விடுவாரா? பெரிய திரையில் நாங்கள்! வீடு அளவுக்குச் சிவா அண்ணை! அவர் ஆட்ட நிரல் தாளை எடுத்து முகத்தை மூடினார். ரதி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். நான்? சொல்ல வெட்கமாக இருக்கிறது... கை தட்டிச் சிரித்து, இரண்டு கையையும் ஆட்டிவிட்டேன். எத்தனை வருட ஆசை அது!

கூட்டம் ஆரவாரித்தது. நான் இடது மூலையைப் பார்த்தேன். டிலான் எழும்பி நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் சப்புவதை நிறுத்தியிருந்தது.

"ஐயோ, கண்டிட்டான்" என்றாள் ரதி. அபியின் போனில் இவர்களின் படத்தை அவன் பார்க்காமலா இருப்பான்?

 நாளைக்கு முதன்முறையாகச் சந்திக்க வேண்டிய மாமனார், இன்றைக்கு வேலையிடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். முன் வரிசையில் ஸ்கவுட்கள். இந்த நிலையில் உங்களால் ஒழுங்காக ஒரு தேத்தண்ணீர் போட முடியுமா?

எட்டாவது இன்னிங்ஸ். டிலானின் அணி ஒரே ஒரு ஓட்டம் முன்னால். மூன்று அவுட்டில் எதிரணியின் முறை முடியும்; இதுவரை ஒருவர் அவுட், இரண்டு பேர் ஓட்டம் எடுக்கப் பேஸில் காத்து நிற்கிறார்கள். எறிந்துகொண்டிருந்தவருக்குக் கை தளர்ந்துவிட்டது. மனேஜர் கையைத் தூக்கினார். மூலையில் கதவு திறந்தது. டிலான் ஓடி வந்தான்.

"வாறான்" என்று நான் எழும்பினேன். சிவா அண்ணை கோட்டின் பொத்தானைப் பூட்டினார். ஏனென்று கேட்காதீர்கள்.

முதல் பந்து வெளியே. இரண்டாவது வெளியே. மூன்றாவது மண்ணில் விழுந்தது. நான்காவதைப் பிடிக்கக் கட்சர் பாய வேண்டியிருந்தது. நாலும் பிழைத்தால் அடிக்கிறவருக்கு ஒரு பேஸ் இலவசம், அதற்குப் பெயர் வோக். இப்போது மூன்று பேஸிலும் ஆள். ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டமே போய்விடும். முன் வரிசை ஸ்கவுட் ஏதோ எழுதினார். அந்தப் பேனையைப் பறித்து எறியலாமா என்று இருந்தது எனக்கு.

"காணும், வெளிக்கிடுவம்" என்றார் சிவா அண்ணை.

"இருங்கோ" என்றாள் ரதி. 

எல்லாம் எங்களால்தான் என்று நினைத்தேன். ஒரு பெடியன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் கோட் மாட்டிக்கொண்டு வந்து கெடுத்துவிட்டோம்.

டிலான் பந்து எறிகிற மேட்டிலிருந்து இறங்கினான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். பிறகு... எங்களைப் பார்த்தான். நேராக! வீட்டு வாசலில் பெரியவர்களைக் கண்டால் நம் பிள்ளைகள் செய்கிற அதே சின்னத் தலையசைப்பு. அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான்.

அடுத்த ஆளுக்கு எறிந்த பந்து நட்ட நடுவால் போனது. ஸ்ட்ரைக்! அப்படி மூன்று விழுந்தால் ஆள் அவுட். அதற்கடுத்தது சிலைடர். நேராக வருகிறது என்று நினைக்க வைத்துவிட்டுக் கடைசியில் விலகி இறங்குகிற பந்து. அடிக்கிறவர் காற்றை அடித்தார். மூன்றாவதும் அருமையான பந்து. ஓரத்தை உரசிக்கொண்டு உள்ளே வந்தது. அம்பயர் கையைத் தூக்கவில்லை.

என் பக்கத்தில் ஒரு இடி விழுந்தது.

"டேய்! கண் தெரியாதோ உனக்கு? எங்கட பெடியன் போட்டது ஸ்ட்ரைக் எல்லோடா!"

சிவா அண்ணை! கதிரையில் ஏறி நின்று, தூய யாழ்ப்பாணத் தமிழில், ஒரு அமெரிக்க அம்பயரை! முன் வரிசை ஸ்கவுட் திரும்பிப் பார்த்தார். மொழி விளங்காவிட்டாலும் கருத்து விளங்கியிருக்க வேண்டும், தலையை ஆட்டினார்.

அடுத்ததும் சிலைடர். மட்டை மறுபடி காற்றில். அவுட்!

இன்னும் ஒருவர். ஆள் மலை மாதிரி. அவர் தட்டிவிட்ட பந்துகள் மூன்று எங்கள் தலைக்கு மேலால் போயின. டிலானும் விடவில்லை, அவரும் விடவில்லை. மூன்று பிழைத்த பந்து, இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்தில் எல்லாம் முடியும். ரதி என் கையைப் பிடித்த இடத்தில் நகக்கீறல் இன்னும் இருக்கிறது.

எறிந்தான். மட்டையில் பட்டது! பந்து நிலத்தோடு முதலாவது பேஸ் பக்கம் விரைந்தது. அந்தப் பேஸைக் காக்கிறவர் அதைப் பிடிக்க வெகுதூரம் வலப்பக்கம் பாய்ந்தார். பேஸில் இப்போது யாருமில்லை. அடித்தவர் அங்கேதான் ஓடிவருகிறார். அவருக்கு முன் பந்தோடு அதை மிதிக்கப் பிட்சர்தான் போக வேண்டும், போகிறானா?

போய்க்கொண்டிருந்தான்! மட்டையில் பட்ட சத்தத்தோடேயே ஓடத் தொடங்கியிருந்தான். மலை ஒரு பக்கத்தால் வருகிறது, நம் பெடியன் மறுபக்கத்தால். பேஸைக் காக்கிறவர் எறிந்த பந்தை ஓட்டத்திலேயே வாங்கினான், கால் பேஸில் பட்டது, மலை வந்து இடித்தது, இரண்டு பேரும் உருண்டார்கள். புழுதி. அதற்குள்ளிருந்து ஒரு கை பந்தோடு மேலே எழும்பியது.

அவுட்!

என் தொண்டை போனது அங்கேதான். கொப்பி எங்கே விழுந்தது என்று தெரியாது. ரதி அழுதுகொண்டு சிரித்தாள். சிவா அண்ணை கோட்டைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றினார். பெரிய திரையில் மறுபடி அவர்தான். இந்த முறை முகத்தை மறைக்கவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸில் வேறொரு பிட்சர் வந்தார். அது வழக்கம். ஆனால் சிவா அண்ணைக்கு யார் சொல்வது? "ஏன் எடுத்தவங்கள்? நல்லாத்தானே போட்டவன்! உந்த மனேசருக்கு விசர்!" வந்தவர் மூன்று பேரையும் சுலபமாக வீழ்த்தி ஆட்டத்தை வென்றார். சிவா அண்ணை கை தட்டவில்லை.

ஆட்டம் முடிந்து வேலியோரம் நின்றோம். டிலான் வந்தான். முழங்கையில் இரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.

"சொறி அன்ரி, அந்த ஃபர்ஸ்ட் வோக்... ஐ வாஸ் சோ நேர்வஸ். கோட்டைக் கண்டிட்டன்."

"தம்பி, அபிக்குச் சொல்லிப்போடாதேயும்" என்றாள் ரதி. "நாங்கள் அவுட்லெட் மோலில நிக்கிறம்."

சிவா அண்ணை சிரிக்கவில்லை. மனதில் இருந்ததை நேராகவே கேட்டார். "தம்பி, நீர் மேல போவீரோ?"

டிலான் தொப்பியைக் கழற்றினான். "தெரியாது அங்கிள். ட்ரை பண்ணுறன். சரிவராட்டி என்ன செய்யிறதெண்டு அபியோட கதைச்சு வைச்சிருக்கிறன். ஆனா போவன் எண்டு உங்களுக்குப் ப்ரோமிஸ் பண்ண ஏலாது." கொஞ்சம் தயங்கினான். "நாளைக்கு... வரலாமோ?"

"பாப்பம்" என்றார் சிவா அண்ணை.

வானில் ஏறியதும் என் பக்கம் திரும்பினார். "இப்ப நீர் சொல்லும்."

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இத்தனை வருடம் கொப்பியும் பென்சிலுமாக இருந்துவிட்டு, அந்த நேரத்தில் பொய் வரவில்லை. "சிலைடர் அருமை அண்ணை. மேஜர் லீக்கிலயும் அது ஆக்களை ஏமாத்தும். ஆனால் வேகம் காணாது. மேல இருக்கிறவை நல்லா விரைவா எறியினம். வயசும் போகுது. உண்மையைச் சொன்னால்... போறது கஷ்டம்."

அவர் சாவியைத் திருப்பினார். வானை எடுத்தார். ரதி ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. ஒரு ஆளை அளக்க நாம் எத்தனை கேள்வி வைத்திருக்கிறோம்! பேர்மனன்ற் வேலையா, சொந்த வீடா, மேலே போவானா... நானும் அதைத்தானே அளந்து சொன்னேன். அவன் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே!

வெயில் சாய்கிற நேரம் எல்லைக்கு வந்தோம். கூண்டுக்குள் ஒரு இளம் கனடிய அதிகாரி. எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார். நான் பின்னால் இருந்து அவுட்லெட் மோல் என்று சொல்ல வாயைத் திறந்தேன், தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

சிவா அண்ணை கழற்றி வைத்திருந்த கோட்டை எடுத்து மடியில் வைத்து நீவினார். பிறகு நிமிர்ந்து, தன் திருத்தமான தபால் கந்தோர் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மருமகனின் ஆட்டம் பார்க்க. அவர் பிட்சர்."

ரதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி ஆர்வமாகிவிட்டார். "அப்படியா! மேஜர் லீக்குக்குப் போவாரா?"

மூன்று கிழமையாக எங்களைத் தூங்கவிடாத கேள்வி. சிவா அண்ணை ஒரு நொடிதான் யோசித்தார்.

"அது தெரியாது, ஸேர். ஆனால் மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறபோது, நீங்கள் அவரைத்தான் கூப்பிட வேண்டும்."

ஆக, தன் கலியாணம் சரிவந்த செய்தி அபிக்குக் கிடைக்கும் முன்பே கனடா அரசாங்கத்துக்குக் கிடைத்துவிட்டது!